ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ‘கேஸ் மேனேஜர்’ தேவையா?

வீரவநல்லூரில் 76 வயது அம்மா தனியாக இருக்கிறார், நீங்கள் புனேயில். போன மாதம் அம்மா புறவாசலில் வழுக்கி விழுந்து, நல்லவேளையாக எலும்பு முறியாமல் தப்பினார். திருநெல்வேலியில் ஒரு நிறுவனம் மாதக் கட்டணத்துக்கு ‘கேஸ் மேனேஜர்’ ஒருவரைப் போடுகிறோம் என்கிறது. மெல்பர்னில் இருக்கும் உங்கள் அக்கா, தன் மாமியாருக்கு அங்கே அப்படி ஒருவர் இருக்கிறார், ரொம்ப உதவி என்கிறார். ‘இவர் நர்ஸா, வீட்டு வேலைக்கு வருபவரா, ஏஜென்டா? வாங்குகிற காசுக்கு என்னதான் செய்வார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்த அளவில் உங்கள் கேள்வி இதுதான்: நான் ஊரில் இருந்தால் செய்திருக்கக்கூடியதை இந்த ஆள் செய்வாரா?

நான் சமூகப்பணி படித்தவள். ஆஸ்திரேலியாவில் சில வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். இப்போது சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். டாக்டர் இல்லை. உங்கள் அம்மாவை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் அவர் உடம்பு எப்படி என்று சொல்லத் துணிய மாட்டேன், வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேஸ் மேனேஜர் குளிப்பாட்ட மாட்டார், சமைக்க மாட்டார், ஊசி போட மாட்டார். என்ன தேவை என்று கண்டுபிடிப்பது, அதைச் செய்யும் ஆளைப் பிடித்துக் கொடுப்பது, நடக்கிறதா என்று பார்ப்பது, நிலைமை மாறினால் ஏற்பாட்டையும் மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும். ஆனால் ஒரு வயதானவரைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டை டாக்டருக்கு இருதயம் மட்டும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. மாத்திரை கொடுப்பவர்களுக்கு அந்த டாக்டர் எழுதியது தெரியாது. மெடிக்கல் கடைக்காரருக்கு ‘அந்தச் சிவப்பு அட்டை மாத்திரை’ தீர்ந்தது மட்டும் தெரியும். ராத்திரி அம்மா சாப்பிடாமலே படுத்துவிடுகிறார் என்பது பக்கத்து வீட்டு மைனிக்குத்தான் தெரியும், அவரிடம் யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே தலையில் வைத்திருக்க ஒருவர் வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் இதைப் பெரும்பாலும் மூத்த மருமகள் சம்பளமும் பெயரும் இல்லாமல் பார்த்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆள் நல்லவரா, ஒப்புக்கு வருபவரா என்பது முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். வீட்டில்தான் அது நடக்க வேண்டும், ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது ஆக வேண்டும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்க முடிவது, தானாகச் சாப்பிடுவது என்ற ஆறையும் உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். 1963-இல் காட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த அளவுகோல் அது. கடைக்குப் போவது, சமையல், மாத்திரை, பணம், போன் போன்றவற்றை லாட்டன் 1969-இல் தனியாக வகுத்தார். ஆறு வேலையும் சரியாகச் செய்கிறவர் இரண்டாவது பட்டியலில் தடுமாறத் தொடங்குவது முக்கியமான அறிகுறி. கரண்ட் பில் கட்ட மறப்பது, ஒரே மாத்திரையை இரண்டு தரம் போடுவது எல்லாம் குளிக்க முடியாமல் போவதற்கு வெகு காலம் முன்பே வந்துவிடும்.

ஆனால் இதைப் படிவத்தை நீட்டிக் கேட்டால் நம் ஆச்சிமார் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். “எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா, நல்லாத்தான் இருக்கேன். எம் மவன்ட்ட எதையும் சொல்லிராத, பயந்துருவான்” என்பார்கள். அதனால் கண்ணால் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பது ஒரு சோதனை. 12 வினாடிக்கு மேல் எடுத்தால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வோம். காபி வேண்டும் என்று கேட்டால் அந்தச் சோதனையே அடுக்களை வரை நடந்துவிடும். அடுப்பைப் பற்ற வைக்கும்போது கை நடுங்குகிறதா, ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் குழம்பு இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம்.

பிறகு மாத்திரைகள். வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும், ஃப்ரிட்ஜ் மேலே உள்ள மஞ்சள் பை, சாமி அலமாரியில் உள்ள டப்பா, தலையணைக்கு அடியில் உள்ளது, எல்லாம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு டாக்டர் எழுதியதாக இருப்பது அபூர்வம் இல்லை. பி.பி.க்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் ‘நீர் மாத்திரை’ சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். ஆள் மந்தமாகி, பேச்சு குழறி, தடுமாறி விழுவார். வீட்டில் ‘வயசாயிட்டுல்லா’ என்று விட்டுவிடுவார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று வந்தாலும் வயதானவர்கள் ஒரே நாளில் ஆள் மாறிப் பேசுவார்கள். திடீரென்று வரும் குழப்பம் வயதால் வருவதில்லை, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். கேஸ் மேனேஜர் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. எழுதிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் வைக்கலாம், வைக்க வேண்டும்.

அடுத்தது புறவாசல். பழைய வீடுகளில் கக்கூஸ் கடைசியில் இருக்கும். தார்சாவைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, இரண்டு படி இறங்கி, கிணற்றடிப் பாசியில் கால் வைத்துப் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பாதையை அம்மாவோடு சேர்ந்து நடந்து பார்க்கிற மாதிரி யோசிக்காத ஆள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. ஒரு பல்பு, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, படியில் சொரசொரப்பு, ராத்திரிக்கு அறையிலேயே ஒரு கமோடு நாற்காலி போதும். ஆகும் செலவு பல நிறுவனங்களின் மாதக் கட்டணத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கும்.

இதெல்லாம் முடிந்தபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பாதிப்பேர் அதைக் கேட்பதே இல்லை: எதை விட்டுவிட உங்களுக்கு மனசில்லை? ஒருவருக்குப் பிரதோஷத்துக்குக் கோவில் போவது. இன்னொருவருக்குத் தன் கையால் தோசை ஊற்றுவது. ஏற்பாடு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கோவிலுக்கு நடக்க வேண்டும் என்பதற்காக முழங்கால் பயிற்சி செய்வார்கள். ‘உங்க நல்லதுக்கு’ என்றால் நாலு நாள்கூடச் செய்ய மாட்டார்கள்.

உங்கள் அக்கா சொல்வதும் சரிதான், ஆனால் அங்கே உள்ள ஆளுக்குப் பின்னால் அரசாங்கப் பணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 நவம்பர் 1 முதல் ‘சப்போர்ட் அட் ஹோம்’ என்ற திட்டம் நடக்கிறது. முதலில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எட்டுப் படிநிலைகளில் ஒன்றில் வைப்பார். படிநிலையைப் பொறுத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 11,000 டாலரிலிருந்து 78,000 டாலர் வரை ஒதுக்குவார்கள். அதில் 10 சதவீதம் இந்த ஒருங்கிணைப்பு வேலைக்கென்றே தனியாகப் போகிறது. நர்ஸ் சேவைக்கு முதியவர் கட்ட வேண்டிய பங்குத்தொகை கிடையாது, வீடு துடைப்பது போன்றவற்றுக்கு வசதிக்கேற்பக் கட்ட வேண்டும். நான் அங்கே இருந்தபோது பழைய நான்கு படிநிலைத் திட்டம் இருந்தது, அதற்கு ஒதுக்கீடு கிடைக்கவே நீண்ட காத்திருப்பு. அதையும் அக்காவின் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். ஜப்பானில் 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தபோதே கேர் மேனேஜரையும் சட்டத்தில் வைத்துவிட்டார்கள். அதற்கு ஐந்து வருட அனுபவமும் தேர்வும் வேண்டும், பொதுவாக மாதம் ஒரு முறையாவது வீட்டுக்குப் போக வேண்டும்.

இங்கே அந்தப் பணமும் இல்லை, அந்த உரிமமும் இல்லை. கேஸ் மேனேஜர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைக்கலாம். இருப்பது அவருடைய போன் புத்தகமும் வாய்ச்சாமர்த்தியமும்தான். அதனால் நம்மூரில் இந்த வேலையின் பெரும்பகுதி, ஏற்கெனவே இருப்பதை வாசலுக்குக் கொண்டுவருவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு, வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள், கட்டணம் இல்லை. கேட்காதவர் வீட்டுக்கு வராமலும் போகலாம், அதனால் கேட்டுப் பெயர் சேர்க்க ஒருவர் வேண்டும். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வருகிறது என்றால் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை வைத்து 70 ரூபாய்க்கு முடித்துத் தருகிறார். இது தெரியாமல் கருவூலத்துக்கு ஆட்டோ பிடித்துப் போகும் ஆச்சிகளை இன்னும் பார்க்கிறேன். முதியோர் உதவி எண் 14567-ஐயும் அம்மாவின் போனில் பதிந்து வையுங்கள்.

உங்கள் அக்கா சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒன்று இருக்கிறது. அங்கே பணம் மாமியார் பெயரில் வருகிறது, ஆள் பிடிக்கவில்லை என்றால் அவரே நிறுவனத்தை மாற்றலாம். இங்கே கட்டணம் கட்டுவது நீங்கள், பராமரிக்கப்படுவது அம்மா. அந்த ஆள் யாருக்கு வேலை செய்கிறார்? பலரும் மகனுக்குத்தான் செய்வார்கள், பில் அங்கேதான் போகிறது. மகனுக்குத் தேவை நிம்மதி, வாட்ஸ்அப்பில் தினம் ஒரு போட்டோ. அம்மாவுக்குத் தேவை வேறாக இருக்கலாம். புனேக்குக் கூட்டிப்போக நீங்கள் நினைத்து, அவருக்கு ஊரை விட்டுவர மனசில்லை என்றால், கேஸ் மேனேஜர் என்ன செய்ய வேண்டும்? என் கருத்து: அம்மாவுக்கு அறிவு தெளிவாக இருக்கிறவரை அவர் முடிவுதான் முடிவு. அதில் உள்ள அபாயத்தை இரண்டு பேருக்கும் ஒளிக்காமல் சொல்வதும், குறைக்க வழி பார்ப்பதும்தான் வேலை. அவர் அந்தரங்கமாகச் சொன்னதை உயிருக்கு ஆபத்து இல்லாதவரை உங்களிடம் சொல்லக் கூடாது. இதை ஒப்புக்கொள்ளாத மகன்களிடம் நான் வேலை ஏற்பதில்லை. அடுக்களையில் கேமரா வைத்துத் தரச் சொல்கிறவர்களிடமும்தான்.

அப்புறம் பக்கத்து வீட்டு மைனி. சம்பள ஆள் வரத் தொடங்கியதும், இத்தனை வருடம் குழம்பு கொண்டுவந்தவர், வாசல் தெளிக்கவில்லையே என்று எட்டிப் பார்த்தவர் எல்லாம் மெல்ல விலகிவிடுவார்கள். “அதான் துட்டு குடுத்து ஆள் வச்சிருக்காவள்ளா, நாம எதுக்கு?” என்பார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வரும் ஆளுக்காக, தினம் ஐந்து தடவை பார்க்கும் கண்ணை இழப்பது நஷ்ட வியாபாரம். ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் இருக்கும் வளவு வீடுகளில் இது இன்னும் கூடுதல். நல்ல கேஸ் மேனேஜர் முதல் வாரமே அந்த மைனியைப் போய்ப் பார்ப்பார், தன் நம்பரைக் கொடுப்பார், உங்களால்தான் இது ஓடுகிறது என்று அம்மா முன்னாலேயே சொல்வார். நீங்களும் ஊருக்கு வரும்போது அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்.

வீட்டோடு இருக்க ஆள் கேட்பீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் நிற்பது கஷ்டம். நம் பக்கம் பல பெண்கள் பீடி சுற்றும் வருமானத்தோடு ஒப்பிட்டுத்தான் இதற்கு வருவார்கள். வீட்டிலிருந்தபடியே செய்யலாம் என்பதால் குறைந்த கூலிக்குக்கூட பீடியே மேல் என்று தோன்றுவது நியாயம். சித்திரையிலும் ஆடியிலும் அவரவர் ஊர்க் கோவில் கொடை விழாவுக்குப் போய்விடுவார்கள், அந்த வாரங்களுக்கு மாற்று ஆள் யார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இன்னொன்று, யாரும் எழுதுவதில்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் வருகிறது: ‘நம்ம ஆளா பாத்து அனுப்புங்க.’ சாதி பார்த்து ஆள் தேடித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். அம்மாவிடம் முதலிலேயே பேசி, அடுக்களைக்குள் யார் வந்தால் சங்கடம் என்பதைத் தெரிந்துகொண்டு, நீங்களே அதைத் தீர்க்க வேண்டும். வருகிற பெண்ணை அவமானப்படுத்த அனுப்ப முடியாது.

பணம், பத்திரம் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். ஏ.டி.எம். கார்டு, நகை, வங்கிப் புத்தகம், எதையும் கேஸ் மேனேஜர் தொடக் கூடாது. சாட்சிக் கையெழுத்துக்கூடப் போடக் கூடாது. பவர் பத்திரம் எழுதி வைத்துவிட்டேன், அம்மாவுக்கு நினைவு தப்பினாலும் சமாளிப்பேன் என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்தப் பவர் முடிந்துபோகும். ஆஸ்திரேலியாவில் நினைவு போனபின்னும் நீடிக்கும் பவர் உண்டு, இங்கே இல்லை. வீட்டை உங்கள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதித் தரும் பேச்சு இருந்தால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுதப்படாத பத்திரங்களில் என்ன செய்வது என்பதில் உச்ச நீதிமன்றம் 2022-இல் கறாராகவும் 2025 ஜனவரியில் பெற்றோர் பக்கம் இளகியும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்காதீர்கள். உங்கள் ஊருக்கு இந்தச் சட்டப்படியான தீர்ப்பாயம் சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. நீங்கள் நல்ல மகன் என்பதால்தான் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

சரி, இதனால் பலன் உண்டா? விழும் அபாயம் அதிகமுள்ளவர்களின் வீட்டில் ஆபத்தான இடங்களைச் சரிசெய்தால் விழுவது குறையும் என்பதில் சந்தேகம் வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2023-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, அப்படிப்பட்டவர்களிடம் விழும் எண்ணிக்கை ஏறக்குறைய 38 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. மாத்திரைகளை ஒருசேரப் பார்த்தால் தவறுகள் அகப்படும், இதுவும் நிச்சயம். கேஸ் மேனேஜர் இருந்தால் ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறையுமா என்பதில்தான் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. 1970-களில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஒரு கேஸ் மேனேஜருக்குக் குறைந்த எண்ணிக்கையில் முதியவர்களைக் கொடுத்து, செலவு செய்யப் பணமும் கையில் கொடுத்தபோது, முதியோர் இல்லத்துக்குப் போனவர்கள் குறைந்தார்கள். அதே பெயரில், ஒருவர் தலையில் அளவுக்கு மேல் முதியவர்களைக் கட்டிவிட்டு, பணமும் கொடுக்காத இடங்களில் அந்தப் பலன் அவ்வளவாக வரவில்லை. இந்த ஆய்வுகளெல்லாம் அரசாங்கம் செலவு செய்யும் நாடுகளில் நடந்தவை, அப்படியே வீரவநல்லூருக்குத் தூக்கிவர முடியாது. தனிமை குறையுமா என்று கேட்டால், கொஞ்சம். மகன் இல்லாத குறையை எந்த நிறுவனமும் நிரப்பாது, நிரப்புவோம் என்று விளம்பரம் செய்தால் அங்கேயே கதவைச் சாத்துங்கள்.

அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: ஒரு ஆள் எத்தனை பேரைப் பார்க்கிறார்? ஜப்பானில் நெடுங்காலம் 35 என்பதே அளவாக இருந்தது, 2024-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். இங்கே 100 பேர் என்றால் போனில் ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்பதோடு சரி. அதே ஆள்தான் தொடர்ந்து வருவாரா, மாதாமாதம் முகம் மாறுமா? குறிப்பிட்ட ஆஸ்பத்திரிக்கோ லேபுக்கோ அனுப்பினால் அவர்களுக்குக் கமிஷன் உண்டா? இதை நேராகவே கேளுங்கள், பதிலைவிட முகத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் வெள்ளம் வந்து தாமிரபரணிக் கரையில் கரண்டும் செல்போனும் இல்லாமல் போனபோது அவர்கள் ஆட்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? இன்சுலின் போடுகிறவர், ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறவர் யார் யார் என்று காகிதத்தில் பட்டியல் வைத்திருந்தவர்களுக்குத்தான் அன்றைக்கு யாரைத் தேடிப் போவது என்று தெரிந்தது.

உங்கள் நிலைமைக்கு, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், இப்போதே மாதக் கட்டணத்தில் மாட்ட வேண்டாம். ஒரு தடவை மட்டும் முழு மதிப்பீடு செய்து எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், ஆனால் பாதி நேரம் நீங்கள் வெளியே போய்விட வேண்டும். புறவாசலைச் சரிசெய்யுங்கள், மாத்திரைகளை ஒரே டாக்டரிடம் காட்டுங்கள், ஏன் விழுந்தார் என்று கேளுங்கள். படுத்திருந்து எழும்போது பி.பி. இறங்குகிறதா, கண்புரை உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை விழுந்தால், மாத்திரையில் குழப்பம் வந்தால், எடை குறைந்தால், ஆஸ்பத்திரியில் படுத்து வீடு திரும்பினால், அப்போது மாதக் கட்டணத்துக்குக் கணக்கு இருக்கிறது. குறிப்பாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம், மருந்து மாறியிருக்கும், உடம்பு தளர்ந்திருக்கும், அப்போதுதான் இந்த ஆள் அதிகம் பயன்படுவார். எதைச் செய்தாலும் ஒப்பந்தத்தில் அம்மாவும் கையெழுத்துப் போடட்டும், நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கும் இருக்கிறது என்று அதில் எழுதச் சொல்லுங்கள்.